மண்ணு சாரின் சட்டைப் பாக்கெட்

தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருக்கும் அத்தனை தாய்மார்களின் ரத்த அழுத்தத்தையும் ஒரே மனிதரால் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். அவரைக் கண்ணால் பார்த்தவள் நான். மண்ணு சார் என்று பெயர். நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆதார் அட்டைக்குத் தப்பி இந்த நாட்டில் யாரும் இத்தனை வயது வரை வாழ முடியாது. ஆனால் நாங்கள் யாரும் கேட்டதில்லை. குழந்தைகள் வைத்த பெயர், அவருக்கு அவ்வளவு பொருந்திப் போயிருந்தது. தலைமுடியில் மண், காலரில் மண், மூக்குக் கண்ணாடியில் மண். அந்தக் கண்ணாடி வழியாக எங்களையெல்லாம் பார்த்து, "நீங்க ரொம்ப சுத்தமா இருக்கீங்க" என்பார், ஏதோ வியாதியைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனைத் தாண்டி உள்ளே போனால், மனைப்பிரிவுக்கு நட்ட கற்கள் முடிகிற இடத்தில் ஒரு தோப்பு வரும். மா, புளி, வேம்பு, நாலைந்து பனை, ஓரத்தில் கொடுக்காப்புளி. அதற்கப்பால் காப்புக்காடு. அந்தத் தோப்பில்தான் மண்ணு சார் மழலையர் பள்ளி நடத்தினார். பள்ளி என்றதும் கட்டடத்தைக் கற்பனை செய்துவிடாதீர்கள். கூரை கிடையாது. பெஞ்சு கிடையாது. ஒரு தார்ப்பாய், ஒரு தண்ணீர் டிரம், ஒரு கழிப்பறை, அதற்குள் ஒரு தவளை. தவளை முதலில் வந்ததாம், அதனால் குழந்தைகள்தான் அனுசரித்துப் போக வேண்டும். இது அங்கே குடிமையியல் பாடம்.

இப்படிப்பட்ட இடத்தில் என் மகளை நான் எப்படிச் சேர்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனியா எனக்கு நாற்பத்திரண்டு வயதில் பிறந்தவள். அவளுக்காக நாங்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எங்கள் வீட்டில் மேஜை, அலமாரி, கட்டில் எல்லாவற்றின் முனைகளுக்கும் ரப்பர் உறை உண்டு. அவள் தும்மினால் டாக்டருக்குப் போன் போடுவேன். இருமினால் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துப் போடுவேன். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எந்த ஆபத்து எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். அந்த அபூர்வம் யாரோ ஒருவர் வீட்டில் நடந்துதான் தீரும் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு தூக்கம் எப்படி வரும்?

இவ்வளவு காப்பாற்றி வளர்த்த பிள்ளை, நாலு வயதில் போன் காட்டினால்தான் வாயைத் திறந்தாள். சேலையூரில் ஏசி போட்ட விளையாட்டுப் பள்ளியில் மூலையில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். யாராவது பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டாள். என் கணவர்தான் யாரோ சொல்லி இந்தத் தோப்பைக் கண்டுபிடித்தார். "சும்மா பார்த்துட்டு வருவோம்" என்றார். கல்யாணத்துக்கு முன்பு என்னையும் அப்படித்தான் பார்க்க வந்தார்.

சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு குழந்தைக்கு இல்லை, எங்களுக்கு. மண்ணு சார் ஒரு வேரில் உட்கார்ந்துகொண்டு கேட்ட ஒரே கேள்வி:

"கடைசியா எப்ப கீழ விழுந்தீங்க?"

என் கணவர் பெருமையாக, "போன மாசம் சார். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுல" என்றார்.

"வெரி குட். மேடம், நீங்க?"

"நான் விழுந்ததே இல்லை."

அவர் என் கணவரை இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப குழந்தையை உடனே சேர்த்துடுங்க சார்."

சரியாக அந்த நேரத்தில் வண்டலூர்ப் பக்கமிருந்து காற்றில் ஒரு கர்ஜனை வந்தது. உயிரியல் பூங்காவின் சிங்கம். நான் இனியாவை அள்ளித் தூக்கிக்கொண்டேன். மண்ணு சார் அசையவில்லை. "பயப்படாதீங்க மேடம். அது நம்ம ஸ்டாஃப் இல்லை" என்றார்.

அவர் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். விபத்து நடந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிற வேலை. அப்படிப்பட்டவர் எப்படிக் குழந்தைகளை மரத்தில் ஏற விடுகிறார் என்று கேட்டேன். "சர்வீஸ் முழுக்க விபத்துதான் பார்த்தேன் மேடம். எல்லாம் பெரியவங்க பண்ணது" என்றார். அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. குழந்தை வளர்ப்பில் இவ்வளவு தெளிவு இருக்க அதுதான் காரணம் என்று நான் முடிவு செய்தேன்.

எதைக் கேட்டாலும் டென்மார்க்கை இழுப்பார். "டென்மார்க்ல குழந்தைங்களைப் பனியில தூங்க வைக்கறாங்க மேடம்."

"ஊரப்பாக்கத்துல பனி எங்க சார் இருக்கு?"

"அதான் புளியமரத்தடியில தூங்க வைக்கறேன்."

எந்த அக்கிரமத்துக்கும் அவரிடம் ஒரு பாடத்தின் பெயர் இருந்தது. குழந்தைகள் கல்லை விட்டெறிந்தால் அது இயற்பியல். ஒரு குச்சிக்காக இரண்டு பேர் உருண்டால் பேச்சுவார்த்தைப் பயிற்சி. மண்ணை அள்ளி வாயில் போட்டால் சத்துணவு. சேர்ந்த முதல் வாரம் முழுவதும் குழி தோண்டினார்கள். எதற்கு என்று கேட்டேன். அடுத்த வாரம் மூடுவதற்கு என்றார். மூடினார்கள். அரசாங்க வேலைக்குத் தயார் செய்கிறார் போலிருக்கிறது என்றார் என் கணவர்.

இந்தக் கூத்துகளில் உச்சம், மரத்து நேரம். காலை பத்து மணிக்கு ஒவ்வொரு குழந்தையும் தனக்கென்று உள்ள மரத்துக்குப் போய், பேசாமல் உட்கார வேண்டும். ஏறத் தெரிந்தது ஏறி உட்காரும். மற்றவை வேருக்குள் ஒண்டிக்கொள்ளும். என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய மாட்டாங்க. அதுக்குத்தான் அந்த நேரம்" என்றார். இதற்கும் சேர்த்துத்தான் நாங்கள் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

பெற்றோர் கூட்டத்தை அடைமழையில் வைத்தார். நாங்கள் குடையோடு போய் நின்றோம். "குடையெல்லாம் வெளியே வெச்சுட்டு வாங்க" என்றார். வெளியே என்றால் எங்கே என்று எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். வானத்திலிருந்து தரை வரைக்கும் எல்லாமே வெளியேதான். பொழிச்சலூரில் பிளைவுட் கடை வைத்திருக்கும் ஷாஹுல் அண்ணன், தன் மகள் ஆயிஷாவை வெள்ளை ஃபிராக்கில் அனுப்புகிறவர், நனைந்த சட்டையோடு என் காதில் சொன்னார்: "அக்கா, என் கடையில மழையில வெச்ச பிளைவுட் எல்லாம் உப்பிப்போச்சு. நம்ம பிள்ளைங்க என்ன ஆகப்போவுதோ."

அன்றைக்கு எனக்குக் கிடைத்த முன்னேற்ற அறிக்கை இது: "சேரும்போது பொம்மை மாதிரி இருந்தா மேடம். நேத்து ஒரு பையனைக் கடிச்சா. நல்லா வர்றா."

மதியம் அவளைக் கொண்டுவந்து விடும் வேன் டில்லி அண்ணன் தினமும் எங்கள் அடுக்குமாடி வாசலில் ஒரு தீர்ப்பு வழங்குவார். "இன்னா மேடம், ஊர்ல எல்லாரும் கொயந்தைய குளிப்பாட்டி இஸ்கூலுக்கு அனுப்பறாங்க. நீ இன்னாடான்னா இஸ்கூல்லேர்ந்து வந்தப்புறம் குளிப்பாட்டிகினு கீற. என் வண்டியில பாதி ஊரப்பாக்கம் கீது, பாரு. இத வெச்சு ரெண்டு தொட்டிச் செடி நடலாம்."

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் போன் இல்லாமல் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். மூன்று தோசை தின்றாள். ஆனால் இதை மண்ணு சாரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் டென்மார்க் வந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கல்லூரியில் வகுப்புக்கு நடுவே என் போன் அதிர்ந்தது. பெற்றோர் குழுவில் ஒரு வீடியோ. சுற்றுச்சுவர் மேல் ஒரு சிறுத்தை நடந்து போகிறது. கீழே: "ஊரப்பாக்கம் பகுதியில் சிறுத்தை நடமாட்டம். குழந்தைகளை வெளியே விடாதீர்கள். எல்லோருக்கும் பகிரவும்." எங்கள் குழந்தைகளோ வெளியே தவிர வேறு எங்கும் இருப்பதில்லை. மண்ணு சாருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். வகுப்பை அப்படியே விட்டு ஓடினேன். அந்த வீடியோவில் சிறுத்தைக்குப் பின்னால் தெரிந்த கடைப் பலகை இந்தியில் இருந்ததைக் கவனிக்கும் நிலையில் எங்களில் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் பட்டதாரிகள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் எப்படி வண்டி ஓட்டினேன் என்று நினைவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது தோப்பு வாசலில் ஏழெட்டுக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஷாஹுல் அண்ணன் கடையின் குட்டியானை வண்டியில் சுமை தூக்கும் ஆட்களோடு வந்து இறங்கினார். ஒருவர் கையில் பிளைவுட் பலகை, சிறுத்தைக்குக் கேடயமாக. உள்ளே போய்ப் பார்த்தால் தார்ப்பாய் காலி. ஒரு குழந்தையும் இல்லை. மண்ணு சார் மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க சார் பிள்ளைங்க?"

அவர் உதட்டில் விரல் வைத்தார். "ஷ்ஷ்... மரத்து நேரம்."

"சார்! சிறுத்தை சார்!"

"எங்க?"

"வாட்ஸாப்ல!"

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் எல்லோரும் அவரவர் பிள்ளையின் பெயரைக் கூவிக்கொண்டு நாலு திசையும் சிதறினோம். இனியா! ஆயிஷா! கவின்! பதில் இல்லை. இலை கூட அசையவில்லை. உதவிக்கு இருந்த இரண்டு டீச்சர்களும் தோப்பின் இரண்டு கோடியில் காவலுக்கு நின்றார்கள். மரத்து நேரத்தில் அவர்களும் பேசக்கூடாது என்பது விதி. நாங்கள் வந்து இறங்கிய விதத்தைப் பார்த்து அவர்களுக்கு எப்படியும் வாய் வந்திருக்காது.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. இனியாவின் கையில் ஜிபிஎஸ் வாட்ச் கட்டி அனுப்பியிருந்தேனே! போனைத் திறந்தேன். நீலப் புள்ளி பக்கத்திலேயே துடித்தது. புள்ளியைப் பார்த்தபடி ஓடினேன். அது ஒரு வேப்ப மரத்தடியில் போய் நின்றது. தாழ்ந்த கிளையில் ஐந்தாறு வாட்சுகள் காய்த்துத் தொங்கின. நடுவில் என் மகளின் இளஞ்சிவப்பு வாட்ச். கை இல்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை. வாட்ச் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் பட்டையில் அவள் பல் பதிந்த தடம் இருந்தது. மரத்தில் சாய்ந்தேன். என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குள் மற்றவர்கள் மண்ணு சாரை அதே மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஷாஹுல் அண்ணன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். "பிள்ளையை எங்கய்யா விட்ட? சொல்லுய்யா!"

"நான் ஒரு தடவை குரல் குடுத்தா..."

"நீங்க பேசாதீங்க!" என்று நான் கத்தினேன்.

"மேடம், ஒரே ஒரு தடவை..."

"நாங்க இத்தனை பேர் கத்தறோம், வரலை. நீங்க கத்தி வந்துடுவாங்களா? வாயைத் திறக்காதீங்க!"

அவர் மூச்சை இழுப்பார், நாங்கள் கத்துவோம். மறுபடி இழுப்பார், மறுபடி கத்துவோம். கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் ஒரு உதறு உதறித் திமிறிக்கொண்டு ஓடினார். அவர் போய்விட்டார், சட்டைப் பாக்கெட் மட்டும் ஷாஹுல் அண்ணன் கையில் நின்றது. தண்ணீர் டிரம்மின் மேல் ஏறி நின்று, கையை வாயருகே குவித்து, மண்ணு சார் நீளமாக ஒரு குரல் கொடுத்தார்:

"கூ...!"

தோப்பு முழுவதும் பதில் சொன்னது. புளியமரத்திலிருந்து ஒரு கூ. வேருக்கடியிலிருந்து ஒரு கூ. பிளைவுட் கேடயத்தோடு நின்றவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கூ; அவர் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடினார். என் தலைக்கு நேர் மேலே, வாட்சுகள் தொங்கிய கிளைக்கு இரண்டு கிளை தள்ளி, மிக மெல்லிசாக ஒரு கூ.

அண்ணாந்து பார்த்தேன். கவட்டையில் உட்கார்ந்து, மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனியா! அம்மா கூப்பிட்டேனே, ஏன்டி பதில் பேசலை?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டா வரக்கூடாது. பேரை யார் வேணா சொல்லலாம். கூ சொன்னாத்தான் வரணும்." பிறகு, குற்றச்சாட்டாக: "சார் கூ சொல்லலாம்னு வந்தாரு. நீதான் விடவே இல்ல."

அவளை இறக்கி, இறுக்கி, காரில் போட்டேன். "இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டோம்" என்று டிரம்மைப் பார்த்துக் கத்தினேன். எல்லோரும் அவரவர் பிள்ளையோடு கிளம்பினார்கள். போகிற போக்கில் ஷாஹுல் அண்ணன் அந்தப் பாக்கெட்டை என் கையில் திணித்தார். "அக்கா, இதை நீங்க வெச்சுக்குங்க. எனக்கு அவரு முகத்தைப் பார்க்க முடியல." எனக்கு மட்டும் முடியுமா? கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டு மணி அடித்தது. மண்ணு சார். மழையில் நனைந்திருந்தார். நெஞ்சில் பாக்கெட் இருந்த இடத்தில் மட்டும் சட்டை பழைய நிறத்தில், மண் இல்லாமல் இருந்தது.

"மேடம், என் பாக்கெட் உங்ககிட்ட இருக்கறதா ஷாஹுல் சார் சொன்னாரு. அதுல வீட்டுச் சாவி."

பொழிச்சலூரில் இருக்கும் தன் வீடு வரை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். என் கணவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கத் தயாராக இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தரையில் குந்தி, இனியாவிடம் பேசினார்.

"இன்னிக்கு நான் கூ சொல்ல லேட்டாயிடுச்சு. ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டேன். சாரிடா."

"பரவால்ல சார். உங்களைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்களே. நான் மேலேர்ந்து பாத்தேன்."

"பயந்தியா?"

"அம்மா அழுதப்போ கொஞ்சம். நீங்கதான் ரொம்பப் பயந்தீங்க. உங்க கால் இப்படி இப்படி ஆடுச்சு." ஆடிக் காட்டினாள்.

"ஆமாம்" என்றார்.

காபி கொடுத்தேன். டம்ளர் டபராவில் மோதி ஓயாமல் சத்தம் போட்டது. அவர் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. மேஜையில் வைத்துவிட்டார்.

"இன்னிக்கு மட்டும் இல்ல மேடம்" என்றார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "தினமும் அந்தக் கூ சொல்லிட்டு, கடைசிப் பிள்ளை பதில் சொல்ற வரைக்கும் எனக்கு உயிர் இருக்காது."

டென்மார்க் வரவில்லை. இயற்பியல் வரவில்லை. என் வீட்டு மேஜை முனையின் ரப்பர் உறையை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே நான் ஒருத்திதான் இப்படி என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

"அப்புறம் எதுக்கு சார் இதெல்லாம்? பேசாம ஒரு ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டி வெச்சுக்கலாமே?"

"எனக்குப் பயமா இருக்குன்னு அவங்களை எப்படி மேடம் பூட்டறது?"

நான் கைப்பையிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்தேன். "சட்டையைக் கழட்டுங்க சார்" என்றேன். அவர் பதறினார். என் கணவர் தன் டி-ஷர்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஊசி, நூலோடு உட்கார்ந்தேன். எனக்குத் தையல் வராது. நேராக ஆரம்பித்தது விமான நிலையத்தைப் பார்த்துச் சாய்ந்தது, பிரித்தேன். இரண்டாவது தடவை வண்டலூரைப் பார்த்துச் சாய்ந்தது. அப்படியே முடிச்சுப் போட்டுவிட்டேன். தைத்துக்கொண்டிருக்கும்போதே, தலை நிமிராமல், "திங்கக்கிழமை டில்லி அண்ணனை எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும்?" என்று கேட்டேன். அவர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். சத்தம் வரவில்லை.

என் கணவர் அன்று இரவு படுக்கையில் புரண்டுகொண்டே கேட்டார்: "பதினாறு வருஷத்துல என் சட்டைக்கு ஒரு பொத்தான் தெச்சுக் குடுத்திருக்கியா?"

நான் தூங்கிவிட்டது மாதிரி இருந்துவிட்டேன்.